பலகையில் பாதிக் கணக்கு

நவம்பர் 19, புதன்

இயற்பியல் மிஸ் இன்று என்னைப் பலகைக்குக் கூப்பிட்டு, எறிந்த பந்தின் கணக்கைப் போடச் சொன்னார். மேலே போய் இறங்கும் நேரத்தைக் கண்டுபிடித்ததும் நகர்ந்து நின்று சாக்பீஸை நீட்டினேன். வாங்க ஆள் இல்லை.

"மீதிய யாரு வந்து போடுவாங்கன்னு பார்த்துக்கினு இருக்குறே?" என்றார். வகுப்பே சிரித்தது.

மீதி என் தோழி கௌசியுடையது. ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் வரும்போதே உயரமும் நேரமும் எனக்கு, தூரம் அவளுக்கு என்று பிரித்துப் போட்டுப் பழகிவிட்டோம். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் அவள் குடும்பம் சேலத்துக்குப் போய்விட்டது.

இப்போது அவள் பாதியையும் நானே போட்டுப் பார்த்தேன். கிடைமட்ட வேகத்தை நேரத்தால் பெருக்கினால் போதும், ஒரே வரி. திருடி! இத்தனை நாளும் சுலபமானதை எடுத்துக்கொண்டிருக்கிறாள். சண்டை போடலாமென்று போன் செய்தேன். அடித்து அடித்து நின்றுபோனது. போன வாரமும் இப்படித்தான்.