கேட்டைத் திறந்துவிட்டேன்

மாயாபந்தர்,
புதன்கிழமை.

அன்பு மகன் அன்பழகனுக்கு அப்பா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை நானும் அம்மாவும் நலம், நீயும் மருமகள் உமாவும் பெங்களூரில் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. ஒரு வாரமாக நீ போன் செய்யும்போதெல்லாம் அப்பா தோப்பில் இருக்கிறார், படகு ஜெட்டிக்குப் போயிருக்கிறார் என்று அம்மா சொன்னது நான் சொல்லச் சொன்னதுதான், அவளைக் கோபிக்காதே. உன் குரலைக் கேட்டால் என் மனசு மாறிவிடும். அதனால்தான் கடிதம். இது உன் கைக்கு வருவதற்குள் நாளைய கோர்ட் வாய்தா முடிந்திருக்கும்.

எனக்குப் பயமாக இருக்கிறது அன்பு. அறுபத்தாறு வயதில் மகனுக்கு இப்படி எழுத வெட்கமாகவும் இருக்கிறது. நம் தோப்புக்குப் பின்னால் இருக்கும் ஒச்சம்மா வீட்டுக்காரர்கள் ரோட்டுக்கு வர நம் நிலத்துப் பாதையை விட்டால் நல்ல வழி கிடையாது என்பது உனக்குத் தெரியும். காட்டேஜ் கட்டுகிற இடத்துக்கு நடுவில் ஆட்கள் நடந்துகொண்டிருந்தால் டூரிஸ்ட் வரமாட்டார்கள் என்று நீ சொன்னாய், நானும் மார்ச் மாதம் கேட் போட்டுப் பூட்டினேன், ஒச்சம்மா கேஸ் போட்டாள். அங்கே எக்காலத்திலும் வழி இருந்ததில்லை என்று நம் வக்கீல் எழுதிய பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டேன். நீ ஸ்கூலில் சேர்ந்த வருஷம் ஒச்சம்மாவின் புருஷனும் நானும்தான் கல் சுமந்து வந்து அந்தப் பாதையில் பாவினோம். கையெழுத்துப் போடும்போது அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மறந்துவிட்டேன் என்று உன்னிடமாவது சொல்ல முடியாது. தீர்ப்பு வரும்வரை கேட் இருக்கிறபடியே இருக்கட்டும் என்று கோர்ட் சொன்னதும் நாம் பாதி ஜெயித்துவிட்டோம் என்றார் வக்கீல், நீயும் போனில் சந்தோஷப்பட்டாய்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் நாலா என்கிற அந்த உப்பு ஓடையின் ஓரமாகத்தான் போய்வந்தார்கள். உப்புத் தண்ணீர் ஏறும்போது கரையில் ஒரு ஆள் ஒதுங்கக்கூட இடம் இருக்காது, கண்டல் வேர்மேல்தான் கால் வைக்க வேண்டும். முதலை நடமாட்டம் என்று ஃபாரஸ்ட்காரர்கள் போர்டு வைத்த இடம் அது. ஒச்சம்மாவின் மருமகள் சங்கவி அங்கன்வாடிக்கு அந்தப் பக்கமாகத்தான் தினமும் போவாள். அவள் ரோட்டில் ஏறும்வரை நான் பாக்கு மரங்களுக்கு இடையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன், ஏறியதும் மூச்சு விடுவேன். மடியிலேயே சாவியை வைத்துக்கொண்டு இப்படி எத்தனை நாள் நின்றேன் என்று நினைத்தால் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை இருக்கும், மூன்று நாள் மழை, நாலா முட்டத் தண்ணீர். அவள் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு கையில் துணிப்பையோடு போகிறாள், பக்கத்தில் தண்ணீர் சும்மா கலங்கின மாதிரிதான் இருந்தது, அடுத்த நொடி முதலை பாய்ந்து பையைக் கவ்வி இழுத்தது. மகர், மகர், முதலை என்று அவள் அலறினாள். பை போய்விட்டது, அவள் சறுக்கி இடுப்புவரை தண்ணீரில், இரண்டு கையாலும் கண்டல் வேரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள். நான் பாக்குப் பறிக்கிற தொரட்டியோடு ஓடி அதை நீட்டினேன், பிடித்துக்கொண்டாள், எப்படி இழுத்தேன் என்று எனக்கே தெரியாது. மேலே வந்த பிறகுதான் முதலை மறுபடி தலையைக் காட்டியது, நாங்கள் நின்ற இடத்துக்குப் பத்தடிகூட இல்லை. அவள் முழங்கால் கிழிந்து ரத்தம் வழிந்தது. கேட்டைத் திறந்து நம் பாதை வழியாக அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாதி தூரத்தில் நின்று, "மாமா, இங்க வழியே இல்லைன்னு கோர்ட்ல எழுதிக் குடுத்தீங்களே, இப்ப என்னை எது வழியா கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை, உடம்பு நடுங்க நடுங்கக் கேட்டாள்.

ஒச்சம்மா வாசலில் மருமகளை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். நான் திரும்பி வந்து கேட்டைக் கீலோடு கழற்றிக் கொட்டகையில் போட்டேன். மறுநாள் வக்கீலிடம் போய் பத்திரம் பொய் என்று கோர்ட்டில் சொல்லப்போவதாகச் சொன்னேன். சாச்சா, சுப் ரஹியே என்று பல்லைக் கடித்தார், பேசாமல் இருங்கள், இல்லையென்றால் பொய்ச் சத்தியம் செய்ததற்கு உங்கள் மேலேயே கேஸ் திரும்பும், இந்த வயதில் உள்ளே போக ஆசையா என்றார். அதிலிருந்து ஜீப் சத்தம் கேட்டால் போலீஸோ என்று எழுந்து நிற்கிறேன். அம்மா என் வெள்ளைச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள்.

வியாழன் சாயங்காலம். மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று சொல்லிவிட்டேன். வழி இருந்தது, கல் போட்டது நான், கையெழுத்துப் போட்டதும் நான் என்றேன், சரியாகக் கேட்கவில்லை என்று ஜட்ஜ் இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார். உன் பேரை நான் எடுக்கவில்லை. பாதையை இனி யாரும் அடைக்கக் கூடாது என்று எழுதிவிட்டார். என்மேல் நடவடிக்கை எடுப்பதா என்பதை அடுத்த மாதம் இருபதாம் தேதி சொல்வாராம். திரும்பும்போது பஸ்ஸில் ஒச்சம்மா இருந்தாள், அவள் சீட்டைத் தவிர வேறு இடம் இல்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாலம் தாண்டியதும், என்னைப் பார்க்காமலே ஜன்னல் பக்கம் நகர்ந்து கொஞ்சம் இடம் விட்டாள். உட்கார்ந்தேன்.

கோபம் வந்தால் இரண்டு நாள் கழித்துப் போன் செய், நான் எடுப்பேன். முடிந்தால் இருபதாம் தேதிக்கு முன்னால் வந்துவிடு, தனியாக அந்தக் கூண்டில் மறுபடி நிற்க எனக்குத் தெம்பு இல்லை. வந்தால் முதலில் சங்கவியைப் போய்ப் பார். நீயும் உமாவும் குறையில்லாமல் நீண்ட நாள் வாழ அப்பா அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு.

உன் அப்பா,
நாகலிங்கம்