அழுத்திப் பிடிக்கும் பொத்தான்

மாப்ளே,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒரு வாரமாகச் சவாரி இல்லாத நேரமெல்லாம் ஆட்டோவைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஓரங்கட்டிவிட்டு, போனில் ஒரே பொத்தானை அழுத்துவதும் விடுவதுமாக இருக்கிறேன். உன் திதிக்கு ராமேஸ்வரம் போக பஸ்ஸில் நாலு சீட்டு போட்டிருக்கிறோம். அந்தப் பக்கத்தில் டிக்கெட்டை ரத்து செய்கிற பொத்தான் நீ செய்தது. விரலை வைத்தால் வட்டத்துக்குள் கீழிருந்து மஞ்சள் ஏறுகிறது. என் ஆட்டோ மஞ்சள். நான் கேட்டு நீ போட்ட நிறம்.

உன் லேப்டாப்பில் கட்டைவிரலை வைத்து உன் அரைநாள் வேலையை நான் அழித்த அன்று திட்டுவாய் என்று பார்த்தேன். நீயோ, ஒரு தட்டுக்கு எதுவும் அழியாத, மூணு செகண்டு அழுத்திப் பிடித்தால்தான் அழிக்கிற பொத்தான் செய்ய உட்கார்ந்துவிட்டாய். அஞ்சாங்கிளாஸ்காரனுக்குப் புரிகிற மாதிரி சொல்லு என்றேன். ஆட்டோ ஸ்பேர் பார்ட் மாதிரி, ஒருத்தன் செய்தால் எந்த வண்டியிலும் மாட்டலாம் என்றாய்.

"அழிக்கிறதுக்கு எதுக்குடா மூணு செகண்டு?"

"அழிக்கிறதுக்குத்தான் மாமா நேரம் வேணும்."

கிட்னி இரண்டும் போய், திருவானைக்காவலிலிருந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு என் ஆட்டோவில்தான் வந்தாய். அங்கே கட்டிலில் இடது கையில் குழாய், மடியில் லேப்டாப். அதற்குள் வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. விரல் கொஞ்சம் நகர்ந்தாலும் வட்டம் காலியாகிவிடும். பத்துத் தடவை அழுத்திப் பார்த்தாய். "நீ பெத்த பொத்தானே உன்னை மதிக்கலையே மாப்ளே" என்றேன். நீ சிரிக்கவில்லை. அந்த வார்த்தையை இன்றுவரை விழுங்க முடியவில்லை.

"நடுங்குற கைக்கும் இது வேலை செய்யணும் மாமா" என்று எல்லாவற்றையும் திரும்பப் பிரித்தாய். எத்தனை நாள் என்று டாக்டர் உன் அக்காவிடம் சொல்லியிருந்தார். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பொத்தான் முந்துமா, அது முந்துமா என்றுதான் இருந்தது. பொத்தான் முந்தியது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று உலகத்துக்கு விட்டாய். பதினெட்டாம் நாள் உன்னை ஓயாமரி சுடுகாட்டுக்குக் கொண்டுபோனோம்.

தினமும் வட்டம் முக்கால்வாசி நிரம்பியதும் விரலை எடுத்துவிடுவேன். மஞ்சள் மெல்ல இறங்கும். அதைப் பார்க்கத்தான்.

இன்று கண்ணீர் மறைத்துவிட்டது, வட்டம் எங்கே நிற்கிறதென்று தெரியவில்லை. விரலும் நடுங்கியது. நடுங்கினால் நின்றுவிடாதபடி நீ செய்திருக்கிறாய். நிற்கவில்லை. நாலு சீட்டும் ரத்து.

உன் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. பஸ் நாளைக் காலை ஆறு மணிக்கு.