நட்சத்திரம் போடும் கை

அருமனை,
ஜனவரி 2021

கர்த்தருக்குள் என் செல்ல மகள் பிரீனாவுக்கு அம்மா பூங்கனி எழுதுவது. உனக்கும் மருமகன் பெனினுக்கும் ஆண்டவர் இந்தப் புது வருஷத்தில் நல்ல தேக சுகமும், உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட நேரமும் தரட்டும். நைட் டூட்டி முடிந்து ரொட்டியைக் கடித்துக்கொண்டே நீ பேசுவது இங்கே எனக்கு நன்றாகக் கேட்கிறது. நான் சுகம், அப்பாவும் சுகம். அதைச் சும்மா எழுதவில்லை மக்கா, இப்போதுதான் அவர் விரலில் ஆக்சிஜன் பார்க்கிற அந்த மெஷினை மாட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன், தொண்ணூற்றேழு காட்டியது. காலையில் இரண்டு தோசை போதும் என்றவர் நாலு தின்றுவிட்டு, தேங்காய்ச் சம்மந்தியில் எரிப்பு போதாது என்று குறையும் சொன்னார். உன் அப்பா குறை சொல்லத் தொடங்கிவிட்டால் நோய் விட்டுப் போய்விட்டது என்று நாம் நிம்மதியாக இருக்கலாம்.

தினமும் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீ கூப்பிட்டாலே ஸ்பீக்கரைப் போடச் சொல்லி நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்துவிடுகிறார், நான் ஒன்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் மூன்று சொல்லி முடித்துவிடுகிறார். எதிர்மேட்டு பேபியண்ணனின் மருமகன் சிஜோ சனிக்கிழமை டப்ளினுக்குத் திரும்புகிறான், அவன் கையில் முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய்ச் சிப்ஸும் சுக்குப்பொடியும் கொடுத்துவிடுகிறேன், அதோடு இதுவும் வரும். போன மாதம் அப்பா ஆசுபத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும், அவருக்கு முடியவில்லை என்று முதலில் யார் கண்டுபிடித்தது என்று நீ அழுதுகொண்டே கேட்டாய். அவர் பல்பு பியூஸ் போன கதையைச் சொன்னார், நானும் பக்கத்தில் இருந்து ஆமாம் போட்டேன். அது உண்மை இல்லை. மூச்சு முட்டினாலும் உன்னிடம் சிரித்துப் பேசுகிற மனுஷன் அவர், நீயோ அத்தனை தூரத்தில் இருக்கிறாய், அதனால் நடந்தது உனக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் ஆசுபத்திரியில் குளிர்காலம் வருவதற்கு முன்னமே திட்டம் போட்டு, யாருக்கு என்ன வேண்டும் என்று பிரித்து வைப்பார்கள் என்று நீ சொன்னபோதெல்லாம் நான் சிரித்திருக்கிறேன். நமக்கு என்ன பெரிய குளிர்காலம், மார்கழியில் விடியற்காலம் தலையில் ஒரு துண்டைக் கட்டினால் தீர்ந்தது. ஆனால் கொரோனா வந்த போன வருஷம் நம் ஊருக்கும் அப்படி ஒரு திட்டம் வந்துவிட்டது. சப் சென்டருக்குப் புதிதாக வந்த சஜிதா சிஸ்டரை நீ பார்த்ததில்லை. ஆள் குட்டை, ஆனால் ஸ்கூட்டர் சத்தம் வருவதற்கு முன்னால் அவள் சத்தம் வந்துவிடும். ஐப்பசி மழை தொடங்கும்போதே ஒவ்வொரு வீட்டு வாசல் நடையிலும் நின்று, சுகர் யாருக்கு, பிரஷர் யாருக்கு, இழுப்பு யாருக்கு என்று கேட்டு, இரண்டு மாத மாத்திரையை ஒன்றாகக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு பக்கம் கொரோனா, ஒரு பக்கம் மழையும் பனியும், இரண்டும் சேர்ந்து வயசானவர்கள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தால் என்ன செய்வது என்பதுதான் அவளுக்குக் கவலை. ஆறு பெருகி ரோடு அடைத்தால் ஜீப்பை எந்த வழியாகக் கொண்டுபோவது என்பதைக்கூட ஜீப் ஓட்டுகிற பேபியண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்து வைத்தாள். அப்பாவுக்கு வருஷா வருஷம் மார்கழியில் இழுப்பு வருவது உனக்குத் தெரிந்ததுதானே, ரப்பர் ஷீட்டைக் காயப்போட புகைப்புரைக்குள் போய்விட்டு வந்தால் அன்றைக்கு அவர் நெஞ்சு விசிலடிக்கும். இந்த வருஷம் புகைப்புரைப் பக்கமே போகக்கூடாது என்று அவள் கண்டித்துச் சொன்னாள், அவரும் சரி சரி என்றார். அவருடைய சரி சரி எப்படிப்பட்டது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வருஷம் வீடு வீடாகக் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடிக் கேரல் போக வேண்டாம் என்று சபைக் கமிட்டி முடிவு செய்துவிட்டது. நீ பிறப்பதற்கு முன்னால் தொட்டே கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் உன் அப்பாவுக்குத்தானே, மனுஷன் அந்தச் சிவப்புச் சட்டையை வெயிலில் போட்டு எடுத்து மறுபடியும் பெட்டிக்குள் வைத்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அதே கமிட்டியில் வந்து சஜிதா, கேரல் வேண்டாம், ஆனால் கேரலுக்குப் பிரித்து வைத்திருக்கிற ஏரியாக்கள் எனக்கு வேண்டும் என்று கேட்டாள். அந்தந்த ஏரியாக் கேரல்காரர்களே அங்கங்கே உள்ள வயசானவர்களைத் தினமும் கவனித்துக்கொள்ள வேண்டும், முடியாதவர் யாராவது இருந்தால் உடனே மெஷினோடு போய்ப் பார்த்து அவளைக் கூப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் வீட்டுக்குள் போகக்கூடாது, போன் போடலாம் என்றால் நாலு துளி மழை விழுந்ததும் இந்த ரப்பர்க் காட்டுக்குள் டவர் செத்துவிடும். ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, கடைசி பெஞ்சில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த உன் அப்பா எழுந்து, டிசம்பர் மாசம் எல்லா வீட்டுலயும் நட்சத்திர வெளக்கு தூக்குவோம்லா, சொகமா இருக்கவன் அந்திக்கு அத போடட்டு, முடியாதவன் போடாண்டாம், இருட்டாக் கெடக்க வீட்டுக்கு நாம போவோம் என்றாராம். சஜிதா கைதட்டியே விட்டாள். நம் மேட்டில் நின்றால் எதிர்மேடு முழுவதும் தெரியும், அங்கே நின்றால் நாம் தெரிவோம், இதைவிட என்ன வேண்டும். நம் ஏரியாவுக்கு அப்பாவையே தலைவராகப் போட்டுவிட்டார்கள், அவருடைய பிணக்கமும் அதோடு தீர்ந்தது.

வயரிங் வேலை செய்கிற ஐயப்பன் வீட்டில் அம்மாவுக்கு சுகர், அதனால் அவனும் கார்த்திகை விளக்கு முடிந்த கையோடு ஒரு நட்சத்திரம் வாங்கித் தூக்கிவிட்டான். ஆனால் அவன் புத்திசாலி இல்லையா, அந்தியானால் தானாக எரிகிற மாதிரி டைமர் வைத்துவிட்டான். அப்பா நேரே போய், ஏலே ஐயப்பா, தானா எரியுத நட்சத்திரம் பொய் சொல்லும், வீட்டுல உள்ளவன் விழுந்து கெடந்தாலும் அது பாட்டுக்கு எரியும், கையால போடு என்று அதைக் கழற்ற வைத்துவிட்டுத்தான் வந்தார். பிறகு ஒரு நாள் அந்தியில் மழையோடு கரண்டும் போய்விட்டது. எல்லா நட்சத்திரமும் ஒன்றாக அணைந்ததும் கேரல்காரர்கள் பதறிப்போய்க் குடையும் மெஷினுமாக மேடு ஏறி இறங்கி வீடு வீடாக ஓடினார்கள். வயசான செசிலி அக்கா கதவைத் திறந்து பார்த்து, கேரல் இல்லேன்னு சொல்லிப்போட்டு வந்துட்டியளே மக்கா என்று சந்தோஷப்பட்டு எல்லாருக்கும் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு கரண்டு போனால் நடையில் நின்று டார்ச் அடிக்க வேண்டும் என்று சஜிதா சொல்லிவிட்டாள். அந்த வாரம் முழுவதும் ஊரெல்லாம் இதே சிரிப்புதான்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். அப்பாவுக்கு இரண்டு மூன்று நாளாக லேசாகக் காய்ச்சலும் இருமலும் இருந்தது. புகைப்புரைக்குப் போயிருக்கிறார் என்று சட்டையை மோந்தாலே தெரிந்தது, அந்தப் புகைதான் காரணம் என்று நானும் நினைத்துவிட்டேன். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் கட்டிலிலிருந்து நடைக்கு வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், பேசினால் பாதி வார்த்தைதான் வந்தது. சஜிதாவைக் கூப்பிடலாம் என்றால், போனில் ஒரு கோடு டவர்கூட இல்லை. பேபியண்ணனைப் போய்க் கூட்டிவருகிறேன் என்றேன். அவரோ, எனக்கொரு சொகக்கேடும் இல்லட்டி, ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவன் வீட்டுல மொதல்ல இருட்டாக் கெடந்தா நாலுபேரு என்ன சொல்லுவான் என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்க வாங்கப் போய் நட்சத்திரத்தைப் போட்டார். ஆசுபத்திரிக்குப் போனால் தனியாகக் கிடத்திவிடுவார்கள், கண்ணை மூடினால் நாம் யாரும் பக்கத்தில் இருக்க முடியாது என்ற பயம்தான் அவருக்கு, எனக்குத் தெரியாதா. போட்டுவிட்டு வந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் நடையில் நின்று மேலே பார்த்தேன். இந்த வீட்டில் எல்லாரும் சுகம் என்று அது சிவப்பாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது, உள்ளே அவர் மூச்சு இழுக்கிற சத்தம் என் காதில் விழுந்தது. நான் ஸ்விட்சை அணைத்துவிட்டேன் மக்கா. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் பேச்சை மீறி நான் எதுவும் செய்ததில்லை என்று சொன்னால் நீயே சிரிப்பாய், ஆனால் அவருக்குத் தெரியாமல் செய்தது இது ஒன்றுதான்.

கஞ்சி கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை, எதிர்மேட்டிலிருந்து நம் வீட்டு இருட்டைப் பார்த்துவிட்டு பேபியண்ணன் ஜீப்போடு கீழே வந்து நின்றார். பின்னால் மெஷினோடு சஜிதா, தலையிலிருந்து கால்வரை மூடின உடுப்பில், ஆனால் சத்தத்தை மூட முடியவில்லை. மெஷின் எண்பதுகளில் காட்டியது. அவள் அப்பாவின் தோளில் கை வைத்து, தாத்தா, கிறிஸ்மஸுக்கு நீரு எனக்கு வேணும், வண்டில ஏறும் என்றாள். கொரோனாதான், விடியும்வரை வைத்திருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். எனக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை, ஆனாலும் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. மதிலின் மேல் காலையில் ஒரு பாத்திரம் மத்தியானம் ஒரு பாத்திரம் என்று யாராவது வைத்துவிட்டுக் கூப்பிட்டுவிட்டுப் போவார்கள், மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் தின்று நான் பெருத்துவிட்டேன். அந்தியானால் மட்டும்தான் கஷ்டம். நான் சுகம் என்று ஊருக்குத் தெரிய நட்சத்திரத்தைப் போட வேண்டுமே, அவர் இல்லாத வீட்டில் அந்த ஸ்விட்சைத் தொடும்போதெல்லாம் அழுதேன்.

கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரம் அவர் வந்துவிட்டதும், பண்டிகையன்று சிவப்புச் சட்டையைப் போட்டு நடையில் நாற்காலியில் உட்கார்ந்து மணி ஆட்டியதும் வீடியோவில் நீ பார்த்ததுதான். கேரல்காரர்கள் ரோட்டிலேயே தள்ளித் தள்ளி நின்று பாடினார்கள், பேபியண்ணன் டிரம்ஸை இரண்டு அடி கூடுதலாக அடித்தார். மாஸ்க்குக்கு மேல் தாடி வைத்த தாத்தாவை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்த நாள் முதல் பல்புதான் பேச்சு. நல்ல நேரம் பார்த்து பியூஸ் போயிற்று, கர்த்தர் அந்தப் பல்பு வழியாகத்தான் என்னைக் காப்பாற்றினார் என்று வருகிறவர்களிடமெல்லாம் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னார். கோட்டாற்றில் நட்சத்திரம் வாங்கின கடைக்குப் போன் போட்டு, பல்பு சரியில்லை என்று சண்டையும் போட்டார், எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. பிறகு ஐயப்பனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அவன் கழற்றிப் பார்த்தான், மாட்டிப் பார்த்தான், எல்லாம் சரியாக எரிகிறது. நான் அடுக்களை வாசலில் நின்று கண்ணைக் காட்டினேன். ஆமா மாமா, ஹோல்டர் லூசு என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டே போனான். பொய் சொல்ல அவனுக்கு இன்னும் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம், பண்டிகை எல்லாம் முடிந்துவிட்டதே, நட்சத்திரத்தை இறக்கிப் பரணில் வைக்கலாம் என்று ஸ்டூலைப் போட்டேன். அப்பா தினத்தந்தியிலிருந்து தலையை நிமிர்த்தாமல், அது அங்க கெடக்கட்டு, பனி போகுதவரைக்கும் எரியட்டு என்றார். சரி, நீங்களே போடுங்க என்றேன். அதற்கு அவர், நீயே போடுட்டி, நான் போட்டா அது பொய் சொல்லும், உனக்க கை பொய் சொல்லாது என்றார். அவ்வளவுதான், பேப்பரைப் புரட்டிக்கொண்டார். அணைத்தது நான் என்று தெரிந்தேதான் இத்தனை நாளும் அந்தப் பல்புக் கதையை எனக்காகத்தான் சொல்லிக்கொண்டு நடந்திருக்கிறார். நான் ஒன்றும் கேட்காத மாதிரி அடுக்களைக்குப் போய், வெங்காயம் நறுக்குவதற்கு முன்பே அழுது முடித்தேன்.

அதனால் மக்கா, இனி நீ கூப்பிடும்போது அவர் சிரிப்பை நம்பாதே, விரலில் மெஷினை மாட்டி வீடியோவில் காட்டச் சொல், அந்தியானால் நட்சத்திரம் போட்டாயிற்றா என்று என்னிடம் கேள். நீயும் உன் அப்பாவின் மகள்தானே, டூட்டியில் உனக்குக் காய்ச்சலடித்தாலும் சுகம் என்றுதான் சொல்வாய், நீ சொல்வதை நம்பாமல் உன் முகத்தைப் பார்க்கும்படி பெனினிடம் சொல்லிவை. உனக்குத் தடுப்பூசி போட்டாயிற்று என்றதும் எனக்குப் பாதி உயிர் வந்தது, இங்கே சஜிதாவுக்கும் சீக்கிரம் போடுவார்களாம், அப்பாவுக்கு எப்போது என்று தினமும் அவளை அரித்துக்கொண்டிருக்கிறேன். சுக்குப்பொடியில் நல்லமிளகு கொஞ்சம் கூடிவிட்டது, பார்த்துப் போடு. காதை மூடாமல் பனியில் நடக்காதே. நீ கவனிக்கிற நோயாளிகளுக்கும், உன்னைக் கவனிக்கிறவர்களுக்கும், உன் வயிற்றில் வரப்போகிற என் பேரப்பிள்ளைகளுக்கும் ஆண்டவர் தம் கையை நீட்டட்டும், உன் போக்கும் வரவும் காக்கப்படட்டும். அந்தியாகிவிட்டது, எதிர்மேட்டில் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கிவிட்டது, நானும் போய் நம்முடையதைப் போட்டுவிட்டு வருகிறேன்.

உன்னை நினைத்தபடியே இருக்கும் அம்மா,
யே. பூங்கனி