கிரயம் முடிகிற வரைக்கும் அந்தச் சுவர்

சேசு மரி சூசை துணை

மதுரை, கீழவாசல்
1938 நவம்பர் 9, புதன்கிழமை

கொழும்பில் வேலையாயிருக்கும் ஆனிமேரியின் அப்பாவுக்கு, சகாயமேரி மிகுந்த அன்போடு எழுதிக்கொண்டது.

இங்கே நானும் பிள்ளையும் சுகம். அவளுக்கு இருமல் விட்டுவிட்டது. நீங்கள் அனுப்பிய சட்டைத்துணி வந்தது, கை வைத்துத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு மூன்றாம் வகுப்பையும் சேர்த்துத் தலையில் கட்டிவிட்டார்கள். அதெல்லாம் இருக்கட்டும். இந்தக் கடிதத்தை நீங்கள் உட்கார்ந்து பொறுமையாகப் படிக்க வேண்டும்.

வீட்டுக்கு மதிப்புப் போட, கடன் கொடுக்கிற சங்கத்தின் ஓவர்சியர் போன சனிக்கிழமை வந்து போனார். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே எல்லாம் நடந்தது. சங்கத்தார் வீட்டைக் கண்ணால் பார்க்கிறபடிதான் மதிப்பார்கள், கிரயம் முடிந்தபின் பின்சுவரை இடித்துக் கட்டப்போகிறோம் என்று சொன்னால் புதுச் சுவருக்கு ஒரு காசும் ஏறாது, பழைய சுவருக்குத்தான் குறைப்பார்கள், போதாததற்கு முதலில் கட்டிவிட்டு வா, பிறகு கடன் என்று எழுதிவிடுவார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தீர்களே. முதலில் கட்டுவதற்கு வீடு நம்முடையதா? நாம் இன்றைக்கும் வாடகைக்குத்தானே இருக்கிறோம். வீட்டுக்காரர் பீர் முகமது பாய் நல்ல மனுஷர், சுவருக்காக விலையில் விட்டுக்கொடுத்தவர். அவரும், கிரயம் முடியட்டும்மா, அப்பறம் நீங்க இடிங்க கட்டுங்க, அது உங்க பாடு என்றுதான் சொல்கிறார்.

நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். இடிக்க வேண்டிய அளவுக்குக் கொத்தனார் சிவனாண்டி காவிக்கட்டியால் சுவர் நெடுகக் கோடு போட்டு வைத்திருந்தான். ஓவர்சியர் வருகிறார் என்றதும் ஈரத்துணி வைத்துத் தேய்த்தேன். கோடு கரைந்து இன்னும் அகலமாகச் சிவந்ததுதான் மிச்சம். விரிசலும் பளிச்சென்று தெரிந்தது. வேறு வழி தோன்றாமல், நம் கல்யாணத்துக்குச் சாமியார் மந்திரித்துக் கொடுத்த திருஇருதய ஆண்டவர் படத்தை முன் அறையிலிருந்து கழற்றி அந்த இடத்தில் மாட்டினேன்.

ஓவர்சியர் வயதான மனுஷர், நெற்றி நிறையத் திருநீறு. ஒவ்வொரு சுவரையும் கைத்தடியால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தார். படத்தைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு, தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார். அந்தச் சுவரை மட்டும் அவர் தட்டவில்லை. ரிப்பேர் வேலை ஏதும் வச்சிருக்கீகளாம்மா என்று கேட்டார். வெள்ளை அடிக்கணும் ஐயா என்றேன். போகும்போது வாசலில் நின்று, தம் மகள் இருபது நாளாகக் காய்ச்சலில் கிடக்கிறாள் என்றும், உங்க சாமிகிட்ட எம்பிள்ளைக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா என்றும் கேட்டுக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

திங்கட்கிழமை சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. கேட்ட மதிப்பு முழுவதும் ஓவர்சியர் போட்டிருக்கிறார். இருபத்தோராம் தேதி பத்திரப் பதிவு. நீங்கள் எதிர்பார்த்த சேதி இதுதான். இதை எழுதும்போது எனக்குத் துளியும் சந்தோஷம் இல்லை.

ஞாயிறு முதல் விடாத மழை. படத்துக்குக் கீழே விரல் நுழைகிற அளவுக்கு விரிசல் இறங்கிவிட்டது. சுவர் நம் பக்கம் சாயவில்லை, சந்துப் பக்கமாகத் தொப்பை தள்ளுகிறது. அந்தப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஆப்பக்கடை சின்னத்தாய் நம் சுவரில்தான் சாய்ப்பு இறக்கிக் குடியிருக்கிறாள். இப்போது அவள் மகள் ராமக்காள் தலைப்பிரசவத்துக்கு வந்து அங்கேயே படுத்திருக்கிறாள்.

நேற்றுக் காலை நான் சின்னத்தாயிடம் போய், நாலு நாளைக்கு வேறு எங்கேயாவது இருந்துகொள்ளுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டாள். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே போனால் சங்கம் வரை போய்விடுமே என்று வாயைக் கட்டிக்கொண்டேன். அவள் தப்பாக எடுத்துக்கொண்டாள். பத்திரம் கைக்கு வரதுக்கு முன்னாடியே வெரட்டுறீகளே டீச்சரம்மா, நெறமாசப் பிள்ளைய இந்த மழையில எங்கிட்டுக் கொண்டுபோறது, உங்களுக்கும் ஒரு பொட்டப்பிள்ள இருக்குல்ல என்று அழுதாள். சந்தே கூடிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தேன்.

இன்று மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதே ராமக்காளின் சத்தம் கேட்டது. வலி எடுத்துவிட்டது. ஓடிப் போய்ச் சின்னத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, சுவர் விழப்போகிறது, தெரிந்துதான் மறைத்தேன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என்னை ஏசவில்லை. சுவரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மருத்துவச்சி வெளியே வந்து, தலை தெரியிது, இப்பத் தூக்குனா ரெண்டு உசுருக்கும் நான் ஜவாப்தாரி இல்ல என்று சொல்லிவிட்டாள்.

சிவனாண்டியைக் கூட்டிவந்தேன். சந்துப் பக்கம் ஐந்து சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறான். தாங்குமா என்று கேட்டேன். மழ விட்டாத் தாங்கும்மா என்றான். மழை விடவில்லை. தெருவே நின்று வேடிக்கை பார்க்கிறது, இனி மறைக்க ஒன்றுமில்லை. ஓவர்சியருக்கும் உள்ளது உள்ளபடி எழுதி ஆள் மூலம் அனுப்பிவிட்டேன். வந்து சுவரைத் தட்டிப் பாருங்கள் ஐயா என்று எழுதினேன். உங்களைக் கேட்டுச் செய்திருக்க வேண்டும். கேட்க நேரமில்லை.

எட்டு வருஷமாக வயிற்றைக் கட்டி, எங்களை விட்டுப் பிரிந்து அங்கே கிடந்தது இந்த வீட்டுக்காகத்தான் என்று எனக்குத் தெரியாதா? கோபம் வந்தால் என்னோடு இருக்கட்டும், பிள்ளைக்கு எழுதுகிற கடிதத்தில் காட்ட வேண்டாம்.

ஆனிமேரியைப் பாய் வீட்டில் விட்டிருக்கிறேன். நான் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ராமக்காள் கத்துவது கேட்கிறது. அவள் கத்தினால் பயமாயிருக்கிறது, நிறுத்தினால் அதைவிடப் பயமாயிருக்கிறது. ஐந்து மணித் தபால் எடுக்க ஆள் வந்துவிடுவான், முடிக்கிறேன்.

இது உங்கள் கைக்கு வர மூன்று நாளாவது ஆகும். அதற்குள் இங்கே எது நடக்க வேண்டுமோ அது நடந்து முடிந்திருக்கும். ஆனாலும் படித்தவுடன், யார் பக்கத்தில் இருந்தாலும் சரி, முழந்தாளிட்டு மாதாவுக்கு ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லுங்கள். காலம் கடந்துபோயிற்றே என்று பார்க்காதீர்கள். அந்தத் தாய்க்கும் பிள்ளைக்குமாக நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் ஆரம்பித்து ஆரம்பித்துப் பார்க்கிறேன், பாவிகளாயிருக்கிற எங்களுக்காக என்கிற இடத்துக்கு மேல் வரமாட்டேன் என்கிறது.

உங்கள்
சகாயமேரி