ஒடெஸாவின் கோபத் தட்டு

லாசால், மொன்றியல்

அன்பு மகள் கஜந்தினிக்கு அம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர நான் சுகம், வாய் இரட்டிப்புச் சுகம். நீயும் மருமகனும் பேத்தியும் மெல்பேர்னில் நலமாயிருக்க நல்லூர்க் கந்தன் துணை. பேத்தி பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுப் போட்டோ அல்பத்தில் உன் மாமியார் முகம் பக்கம் பக்கமாக இருக்க, என்னுடையது கேக்குக்குப் பின்னால் அரைவாசி தெரிந்ததை நான் மறக்கவில்லை. அதற்காகத்தான் இத்தனை மாதமும் உன் போனை எடுக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்தில் பிழை இருந்தால் நீ பொறுத்துக்கொள், நான்தான் எதையும் பொறுப்பதில்லை.

இதை எழுத வைத்தவள் எதிர்க்கதவு ஒடெஸா. அமெரிக்காவில் பிறந்த கறுப்பினப் பெண், சிலை செய்கிறவள், படமும் கீறுகிறவள். எண்பது தாண்டிவிட்டது. அலபாமாவில் தகப்பன் இரும்பு வார்க்கிற ஆலையில் வேலை செய்ய, இவள் வீட்டுக்குக் கீழிருந்த செம்மண்ணில் தலை தலையாகப் பிடித்து விளையாடினாளாம். சிக்காகோவில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டு கலைப் பள்ளியில் படித்தாள், அங்கே வாத்தியார் அவள் செய்த சிலையைத் தன்னுடைய பெயரில் கண்காட்சிக்கு வைத்துவிட்டார். பிறகு வியட்நாம் சண்டைக்குப் போகமாட்டேன் என்ற புருஷனோடு இங்கே ஓடிவந்தாள். எங்களைப் போல அவளும் சண்டையால் ஓடிவந்தவள் என்று தெரிந்த அன்றுதான் கூப்பிட்டுத் தேத்தண்ணீர் கொடுத்தேன், அதுவரை அவளுடைய சுத்தியல் சத்தத்துக்கு முறைப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தவளும் நான்தான். கடைப் பலகைகளுக்குப் பெயின்ற் அடித்துச் சீவித்தபடியே ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கும் பெண்களைச் சுவர் அளவுக்குக் கீறினாள். கண்காட்சிக்கு வைக்கக் கேட்டால் இங்குள்ளவர்கள் நீ அமெரிக்கக்காரி என்றார்களாம், அங்குள்ளவர்கள் நீ கனடாவுக்குப் போனவள் என்றார்களாம். கை நடுங்கத் தொடங்கிய இந்த வயதில், சிக்காகோவில் ஒரு மியூசியம் அவளுக்கென்றே ஒரு மண்டபம் ஒதுக்கியிருக்கிறது.

அவள் அறைச் சுவரில் பலகைத் தட்டு ஒன்று உண்டு. அந்த வாத்தியார், ஆலை முதலாளி, பின்கதவால் வரச்சொன்ன ஓவியக் கலரிக்காரன் என்று கோபம் உள்ள எல்லோருடைய தலையையும் மண்ணில் செய்து அடுக்கியிருக்கிறாள். நானும் அப்படித்தான் அடுக்கி வைத்திருக்கிறேன், ஆனால் வயிற்றுக்குள், அதனால்தான் இந்த வாயுத்தொல்லை. அப்படிப்பட்டவள் சிக்காகோவுக்கு அனுப்பவென்று என் தலையைச் செய்யக் கேட்டதும், யோசிக்காமல் கலியாணக் கூறைச்சேலை உடுத்திக்கொண்டு போய் அவள் முன்னால் இருந்தேன். மிளகாய் கடிச்ச மாதிரி மூஞ்சையை வைச்சிருக்காதை எண்டாள். அதுதான் என் போட்டோ முகம்.

மண் தலை காய முதலே அவளை நெஞ்சுநோவென்று ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள். கதவுத் திறப்பைத் தந்து, தலைக்கு மேலே போட்ட துணியை ஈரமாக வைத்திரு என்றாள். போய்ப் பார்த்தால் என் தலை, என் மூக்கு, முகத்தை மூடி ஒரு வெள்ளைத் துணி. செத்தவீட்டில் கிடத்தியது போல. நான் துணியை இழுத்து மடித்து வைத்துவிட்டு, திருநீறு பூசி, பொட்டும் வைத்து, பக்கத்தில் விளக்கும் ஏற்றினேன். கீழே ஹீற்றர் எரிந்துகொண்டிருந்தது. சில நாளால் பேந்து போனபோது நெற்றியிலிருந்து தாடைவரை வெடிப்பு, ஒரு காது நிலத்தில். ரொட்டி மாவைக் குழைத்து அடைத்தேன், அது புட்டுப் போல உதிர்ந்தது. உன் தம்பி தனோஜன் வந்து பார்த்துவிட்டு, அம்மா உன்ரை கையாலேயே உனக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் செய்து முடிச்சிட்டாய் என்று சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த மண்டபம், அதற்குப் போகிற ஒரே புதிய வேலை அது.

ஒடெஸா வந்து, காதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் தலைக்கு இனி அந்தத் தட்டில்தான் இடம் என்று நினைத்தேன். இதெல்லாம் ஏன் செய்தனி என்று கேட்டாள், எனக்குத் தெரிந்த இங்கிலீசில் பிரேதம் மாதிரிக் கண்ணை மூடிக் காட்டினேன். அவள் கதிரையை இழுத்து, இரு, இப்பதான் உனக்கு முகம் வந்திருக்குது எண்டாள். நடுங்கும் கையால் புதுத் தலைக்கு மண் பிசைய அவளுக்கு முடியவில்லை, நான் ரொட்டிக்குப் பிசைகிற மாதிரிப் பிசைந்து கொடுத்தேன். எல்லாம் முடிந்து சூளைக்கும் போய்விட்டது. அடியில் பக்கத்து வீட்டுக்காரி என்று எழுதினாள். தட்டில் வைக்கவில்லை.

அதைச் செய்துகொண்டிருக்கையில், முதல் இருந்த அந்த மிளகாய் முகம் ஆருக்காக என்று அவள் கேட்க, மகளுக்கு என்று சொல்லி அல்பக் கதையையும் சொன்னேன். அவள் சொன்னது, தட்டிலை இருக்கிற இந்த ஆக்களோடை கதைக்க எனக்கு வழியில்லை, அதாலை மண், உனக்கு என்ன கேடு, போன் கிடக்குதே.

ஆனபடியால் ஞாயிறு உனக்கு விடிந்ததும் நான் போன் அடிப்பேன், எடு. அல்பத்தைப் பற்றிக் கதைக்கமாட்டேன், கதைத்தால் நீ போனை வை, நான் திரும்ப அடிப்பேன். பேத்தி வெறும்வயிற்றோடு பள்ளிக்கூடம் போகாமல் பார். எல்லோரும் நூறு வயது நிறைந்து வாழ என் ஆசி.

இப்படிக்கு,
கேக்குக்குப் பின்னால் நின்ற அம்மா
குணேஸ்வரி