கேரம் பலகையில் என் பக்கம்

மார்ச் 2, சனி

கேரம் ஆட வந்தவர்கள் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் கிளம்பினார்கள். பலகையைத் துடைத்து, கறுப்புக் காய் தனி, வெள்ளைக் காய் தனி என்று டப்பாவில் அடுக்கி, நாற்காலிகளைப் பழைய இடத்தில் போடுவதற்குள் முதுகு விட்டுப்போயிற்று. சனிக்கிழமை என்றாலே இப்போதெல்லாம் காலையிலிருந்து அலுப்பு.

இன்றும் தோற்றது என்னால்தான். எதிரே உட்காரும் என் ஜோடி, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நானோ கண்ணாடியைத் துடைத்து, கோணம் பார்த்து, ஸ்ட்ரைக்கரை நகர்த்தி, மறுபடி கோணம் பார்ப்பவன். வரைபட அலுவலகத்தில் ஆயுள் முழுக்கக் கோடு போட்ட பழக்கம். "சார், பஸ் கிளம்பி அடுத்த ஸ்டாப்பே வந்துடுச்சு" என்றார். எதிர் ஜோடியில் தெருமுனைத் தையல்காரர் சிரித்தார். அவருடைய ஜோடி, என் மனைவியின் தம்பி, கொட்டாவி விட்டான். அடித்தேன். காய் அசையக்கூட இல்லை.

போதும் என்று தோன்றுகிறது. அதை எப்படிச் சொல்வது?

மார்ச் 5, செவ்வாய்

மனைவியிடம் சொன்னேன். "அதை ஏன் என்கிட்ட சொல்றீங்க? அவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள். நியாயம்.

'இனிமேல் சனிக்கிழமை ஆட்டம் வேண்டாம்' — முகத்தில் அடித்த மாதிரி இருக்கிறது. 'கொஞ்ச நாளைக்கு' என்று சேர்த்துப் பார்த்தேன். அது பொய்யாகிவிடுகிறது.

மார்ச் 9, சனி

வாயைத் திறந்தேன். அதற்குள் டிரைவர், "வாரம் பூரா சுவத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன் சார். இங்க வந்தாத்தான் மனுஷங்க குரல் கேக்குது" என்றார். மனைவி போனபின் தனியாக இருக்கிறவர். அவரிடம் போய் என்னவென்று சொல்ல? தலைவலி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். கோழை.

"ஆள் குறையுதே" — தையல்காரர் குரல்.

"நான் உட்காரட்டுமா?" — என் மனைவி!

"அக்கா, உனக்கு ஸ்ட்ரைக்கர் எது, காய் எதுன்னு தெரியுமா?"

"உனக்கு டவுசர் மாட்டிவிட்டவ நான். நகருடா."

கொஞ்ச நேரத்தில் டிரைவர் "அடி சக்கை!" என்று கத்தினார். சிவப்புக் காய் விழுந்துவிட்டதாம்.

மார்ச் 10, ஞாயிறு

இன்று முழுக்க அவள் விரல் மேசை விளிம்பில் சுண்டிக்கொண்டே இருந்தது.

மார்ச் 16, சனி

தலைவலி இல்லை. இருக்கிறது என்று சொன்னேன்.

ஓய்வுக்குத்தானே ஏங்கினேன்? கிடைத்தது. கட்டில், இருட்டு, மின்விசிறி. தூக்கம்தான் வரவில்லை. கூடத்தில் என்ன சிரிப்பு! நான் உட்கார்ந்திருந்தவரை இப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை. "ஏம்மா தங்கச்சி, சார் உன்னை இத்தனை நாளா அடுப்படியில ஒளிச்சு வெச்சிருந்தாரா?" என்கிறார் டிரைவர். ஆட்டம் சட்சட்டென்று முடிகிறது. அப்படியானால் எல்லோரையும் அலுக்க வைத்தது நான்தானா?

வேண்டாம் என்று சொன்னவன் நான் — இல்லை, அதைக்கூடச் சொல்லவில்லை. அப்புறம் இப்ப எதுக்கு வயிறு எரியுது?

மார்ச் 20, புதன்

"என்னைப் பத்திக் கேட்டாங்களா?" என்றேன்.

"கேட்டாங்க. தூங்கறாருன்னு சொன்னேன்."

"உனக்குக் களைப்பா இல்லையா?"

"விளையாடினா என்னங்க களைப்பு? நாலு பேருக்கு டீ போட்டு, டம்ளர் கழுவி, அதுக்கப்புறம் நீங்க தோத்த கதையையும் கேட்டேனே, அதுதான் களைப்பு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இந்த வீட்டில் அலுப்பு எனக்கு ஒருவனுக்குத்தான் என்று இருந்திருக்கிறேன்.

"இப்ப டீ யாரு போடறா?"

"அவனவன் போட்டுக் குடிக்கறான்."

மார்ச் 24, ஞாயிறு

நேற்று எழுதவில்லை.

ஆட்டம் தொடங்கியதும் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன், யாராவது கூப்பிடுவார்கள் என்று. கூப்பிடவில்லை. தலைவலிக்காரனை யார் எழுப்புவார்கள்? எழுந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்து, அறையிலிருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். நான்கு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"தலைவலி இல்லை. அலுப்பா இருந்துச்சு. சொல்லப் பயமா இருந்துச்சு. உள்ளே படுத்தா அது இன்னும் மோசமா இருக்கு."

இத்தனையும் பேசியது நானா?

"அலுப்புன்னா அலுப்புன்னு சொல்லுங்க சார்" என்றார் டிரைவர். "பெரிய வியாதின்னு நினைச்சு தையல்காரர் வழியெல்லாம் அழுதுட்டே வர்றாரு."

"யோவ், நான் எங்கய்யா அழுதேன்?"

மனைவி இடம்விட்டு எழப் பார்த்தாள். "நீ ஆடு" என்று அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். "அந்தக் கறுப்பை இன்னும் கொஞ்சம் இடது பக்கமா—" என்று ஆரம்பிப்பதற்குள் அடித்துவிட்டாள். விழுந்தது.

எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. காய்கள் மோதிக்கொண்டிருந்தன, தையல்காரரும் மச்சினனும் ஏதோ ஒரு காய்க்காகச் சண்டை பிடித்தார்கள். கட்டிலில் வராத தூக்கம் அந்த மர நாற்காலியில் வந்துவிட்டது. மனைவி எழுப்பிப் படுக்க அனுப்பியது அரைகுறையாக ஞாபகம்.

காலையில் முகம் கழுவப் போனேன். கண்ணாடியில் பார்த்தால் மூக்கு நுனியில் வெள்ளையாகக் கேரம் பவுடர்.

"யார் வேலை இது?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு. தோள் குலுங்கியது.

முகம் கழுவாமலே காப்பி குடித்தேன்.