விதை வெங்காயத்தை விற்கச் சொன்னவன்

இன்று காலை கரவெட்டியில் ஒரு வீட்டில் சோலார் பூட்டும் வேலை. வயர் இழுக்க ஏணியில் ஏறிக் கூரைக்குள் தலையை நீட்டினேன். கூரையைத் தாங்கும் வளைமரம் நெடுக விதை வெங்காயம், பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். காய்ந்த தாளின் காரமான வாசனை மூக்கில் ஏறியதும் ட்ரில்லை நிறுத்திவிட்டேன்.

“என்ன தம்பி, பாம்பு கிடக்கோ?” என்று வீட்டுக்கார அம்மா கீழே இருந்து கேட்டார்.

“இல்லையம்மா, வெங்காயம்.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வேலையை அவசரமாக முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். நீ வாசிக்கப் போவதில்லை என்று தெரியும். ஆனால் இதை வேறு ஒருவரிடமும் சொல்ல முடியாது.

பள்ளிக்கூடத்தில் நீயும் நானும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். பிறகு நான் மின்னியல் படிக்கப் போனேன். நீ, போர்க்காலத்தில் பிடித்த உங்கள் காணியை இராணுவம் திருப்பித் தந்ததும், பற்றை வெட்டி வெங்காயம் நட்டாய். என்னை ‘எஞ்சினியர்’ என்றுதான் கூப்பிடுவாய். நான் வெறும் டிப்ளோமாக்காரன் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? “உன்ரை வாய்க்கு டிப்ளோமா காணாதடா” என்பாய்.

டொலர் முடிந்துபோய் நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருடம், எல்லோரும் தற்சார்பு பற்றிக் கதைத்தார்கள். வாளியில் இரண்டு கத்தரி வைத்தவனும் படம் எடுத்துப் போட்டான். எனக்கு எரிச்சல். கடையில் சாமான் இல்லாததற்கு ஒரு நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள் என்று உன்னிடம் சொன்னேன். நீ அந்தச் சொல்லையே பாவிக்காமல், சொந்தக் கிணறு, நாலு ஆடு, வேலி முருங்கை என்று உன்பாட்டில் இருந்தாய். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

“எல்லாத்தையும் நீயே செய்வாய். உப்புக்கும் நெருப்புப்பெட்டிக்கும் எங்கை போவாய்?”

“உப்பு ஆனையிறவு உப்பளத்திலை கிடக்கு. நெருப்புப்பெட்டி உன்ரை வீட்டிலை கிடக்கு.”

வரிசைகள் முடிந்து சில காலத்துக்குப் பிறகு, ஒரு புரட்டாசியில் வெங்காய விலை ஏறியது. இறக்குமதிக்கு வரி குறைக்கப் போகிறார்கள், கப்பலில் வெங்காயம் வரப்போகிறது என்று செய்தி. நான் உன் விறாந்தையில் இருந்து, கைப்பேசியில் விலைகளின் வரைபடத்தைக் காட்டினேன். உன் தலைக்கு மேலே கார்த்திகையில் நடுவதற்கான விதை தொங்கிக்கொண்டிருந்தது. காணி கிடைத்த நாள் முதல், ஒவ்வொரு போகமும் திறமான பாத்தியைப் பார்த்து நீ எடுத்து வைத்து, திரும்ப நட்டு, திரும்ப எடுத்து வைத்த விதை.

“உந்த விதையை இப்ப வித்துவிடு. கப்பல் வந்தா விலை விழும். நடுகைக்கு முதல் அரை விலைக்கு வேறை விதை வாங்கலாம்.”

“விதையை விக்கிறதோ? விசரே உனக்கு?”

“விதை எண்டாலும் வெங்காயம்தானே.”

“அப்ப நீ கறிக்கு வெட்டின வெங்காயத்தைக் கொண்டுபோய் நடு, பாப்பம்.”

குசினியிலிருந்து உன் மனைவி சொன்னாள்: “அண்ணை, அவர் என்னை வித்தாலும் உந்த விதையை விக்கமாட்டார்.”

மூன்று நாள் விடாமல் சொன்னேன். மூன்றாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. “உனக்கு வியாபாரம் விளங்காது. அதுதான் இப்பிடியே கிடக்கிறாய்” என்றேன். அடுத்த நாள் காலை பிடிகளை அவிழ்த்து, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிச் சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோய்விட்டாய்.

கப்பல் வந்தது. விலையும் விழுந்தது. நான் உனக்குத் தொலைபேசி எடுத்து, “சொன்னன் எல்லே?” என்றேன்.

கப்பலில் வந்தது பெரிய வெங்காயம். கறிக்கு உதவும், நம் பாத்திக்கு உதவாது. புதிதாகக் கிண்டிய சின்ன வெங்காயத்தை வாங்கி நடவும் முடியாது. இரண்டு மூன்று மாதம் தொங்கிக் கிடந்தால்தான் அது ஒழுங்காக முளைக்கும். அப்படித் தொங்கவிட்டிருந்தவர்களிடமும் கைப்பேசி இருந்தது, அதே செய்தி இருந்தது. அவர்களும் விற்றுவிட்டார்கள். கறி வெங்காயத்தின் விலை இறங்க இறங்க, விதை வெங்காயம் தேடினாலும் கிடைக்காத சாமானாகியது. சுன்னாகத்திலிருந்து தொண்டைமானாறு வரை உன்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக அலைந்தேன். ஒரு வீட்டு ஐயா எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“உங்களுக்கும் ஆரோ படிச்ச ஆள்தானே சொன்னது?”

“இல்லை ஐயா, நான்தான் யோசியாமல் வித்துப்போட்டன்” என்று நீ சொன்னாய். நான் பக்கத்தில் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

கார்த்திகையில் உன் காணி வெறுமையாகக் கிடந்தது. நீ தென்மராட்சிப் பக்கம் வயல்களில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கப் போனாய். ஒரு நாள் அந்த வழியால் வந்தபோது உன்னைக் கண்டு வண்டியை நிறுத்தினேன். முழங்கால் வரை சேற்றோடு வரம்புக்கு வந்தாய்.

“எடேய் எஞ்சினியர், உன்ரை கணக்கிலை எங்கை பிழை வந்தது?”

குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய்.

“கணக்குச் சரி. எல்லாரும் ஒரேயடியா வித்தா நான் என்ன செய்யிறது?”

“ஓமோம்” என்று சொல்லிவிட்டு வயலுக்குள் இறங்கினாய். நாங்கள் கடைசியாகக் கதைத்தது அவ்வளவுதான்.

பிறகு உனக்குக் காய்ச்சல். மழைக் காய்ச்சல் என்று நினைத்து நாலு நாள் குளிசை போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்திருக்கிறாய். அது எலிக்காய்ச்சல், வயல் சேற்றில் எலியின் சிறுநீரால் தொற்றுவது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சிறுநீரகம் பழுதாகிவிட்டது. எனக்குச் செய்தி வந்தது வியாழக்கிழமை. கையில் ஒரு வேலை இருந்தது; ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். நீ சனிக்கிழமை போய்விட்டாய்.

எலிக்காய்ச்சல் யாருக்கும் வரும். சொந்த வயலில் இறங்கியவனுக்கும் வந்தது. வெங்காயத்தையும் காய்ச்சலையும் ஒரு கோட்டால் இணைக்க முடியாது என்று படித்தவன் எவனும் சொல்வான். நானும் எனக்கு அதைத்தான் சொல்லிப் பார்த்தேன். ஆனால் விதை இருந்திருந்தால், அந்தக் கிழமை நீ உன் காணியில் நின்று பாத்தி கட்டியிருப்பாய்.

இப்போதும் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறார்கள். பணவீக்கம் குறைந்துவிட்டதாம். வண்டியின் வேகம் குறைந்தால் வண்டி பின்னுக்கு வருகிறது என்று அர்த்தமா? ஏறிய விலை இறங்கவில்லை. இன்னும் ஏறுகிறது, கொஞ்சம் மெதுவாக. அதற்கு ஒரு மேசை, மூன்று நிபுணர்கள், கழுத்துப்பட்டி. நீ இருந்திருந்தால், “உவையளிலை ஒருத்தராவது சந்தைக்கு வந்தவையே?” என்று கேட்டிருப்பாய்.

இந்தச் செய்திகளுக்கு ஏமாறாத ஆள் என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன். அரசாங்கம் சொன்னதை நம்பவில்லை, வியாபாரி சொன்னதை நம்பவில்லை. என் வரைபடத்தை நம்பினேன். அந்த வரைபடத்தின் எண்கள் எல்லாம் அதே செய்தியிலிருந்து எடுத்தவை. ஒவ்வொரு போகமும் குனிந்து நின்று பாத்தி பார்த்தவன் மூன்று நாள் மாட்டேன் என்று சொன்னதை மட்டும் நான் ஓர் எண்ணாகக்கூட எடுக்கவில்லை. பிழை அங்கேதான். வரம்பில் நின்று கேட்டாயே, இதுதான் மறுமொழி. அன்றைக்கே எனக்கு அரைகுறையாகத் தெரிந்திருந்தது.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சனம் கலைந்த பிறகு, உன் மனைவி என்னிடம் வந்தாள்.

“அண்ணை, காணியைக் குத்தகைக்குக் குடுக்கிறதோ, நானே செய்யிறதோ? நீங்கள் ஒரு முடிவு சொல்லுங்கோ.”

“என்னட்டைக் கேக்காதையுங்கோ தங்கச்சி. நான் சொல்லித்தானே அவன் விதையை வித்தவன்.”

“அது எனக்குத் தெரியும்.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஆஸ்பத்திரியிலை அவர்தான் சொன்னவர். ‘ஒண்டும் விளங்காட்டி அவனைக் கேள். அவனுக்குக் கணக்குத் தெரியும்’ எண்டு.”

நீ என்னைத் திட்டிவிட்டுப் போயிருந்தால் உன்னோடு இன்றைக்கும் வாதாடிக்கொண்டிருப்பேன். வாதாட எனக்குத் தெரியும். நீ சொல்லிவிட்டுப் போன அந்த ஒரு வார்த்தையை என்ன செய்வதென்று மட்டும் எனக்குத் தெரியவில்லை, மச்சான்.